குகைக்குள் ஹெல்மெட் மாமா

நெய்வேலியில் ஹெல்மெட் மாமாவின் தலையைப் பார்த்தவர்கள் ஒருவரும் கிடையாது. மைன்ஸிலிருந்து ரிட்டயர் ஆன பிறகும் காய்கறி வாங்க, கல்யாணத்துக்கு, ஏன், பல் பிடுங்கக்கூட அந்த மஞ்சள் ஹெல்மெட்டோடுதான் போவார். முடி வெட்டிவிடுவது அத்தை, அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. "நம்ம மைன்ஸ் திறந்தவெளி. மேல வானந்தானே மாமா, அது இடிஞ்சா விழும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இதுவரைக்கும் வுழல" என்றார்.

அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் என்று முடிவானது. அதற்கு முன்னால், ஆந்திராவில் அரக்கு மலைச் சுண்ணாம்புக் குகைக்குள் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தானாகவே உண்டான சிவலிங்கத்தைக் கும்பிட ஆசைப்பட்டார். எதிர் குவார்ட்டர்ஸ்காரன் என்பதால் நானும் துணைக்குப் போனேன். குகை வாசலில் மாமா இரண்டு கையையும் விரித்து எங்களை மறித்தார்.

"யாரு வெட்டுனது இத?"

கைடுக்குத் தமிழ் தெரியும். "யாரும் வெட்டல சார். மழைத் தண்ணி லட்சக்கணக்கான வருஷமா சுண்ணாம்புக் கல்லைக் கரைச்சுக் கரைச்சு இப்படி ஆச்சு."

"இப்ப நின்னுடுச்சா?"

"இல்ல சார், இன்னைக்கும் கரையுது" என்றார் கைடு பெருமையாக.

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சமாளிக்க நினைத்த கைடு குகையின் பழைய கதையை எடுத்தார். மலைமேல் மேய்ந்த மாடு ஒன்று ஓட்டை வழியாக உள்ளே விழுந்துவிட்டதாம். தேடி வந்தவர்தான் முதலில் லிங்கத்தைக் கண்டாராம். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப கூரையில ஓட்டை இருக்குது. ஆக்ஸிடென்ட்டும் நடந்திருக்குது. எவனும் அத மூடல" என்றார் மாமா.

குகையை மூடும் நேரம் நெருங்கியது. அத்தை ஒரு பாறையில் உட்கார்ந்து, உள்ளே லிங்கத்துக்கு ஏறும் படிகளைப் பார்த்தபடி முழங்காலைத் தடவினார். "வுடுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் இத்தினி படி ஏற முடியுமோ என்னமோ. இங்கயே கும்பிட்டுக்கினு போயிடலாம்."

மாமா தாடைப் பட்டையை அவிழ்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி அத்தையின் தலையில் வைத்து, பட்டையை இறுக்கி, மேலே இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"வா, ஏறலாம்."

அப்படித்தான் அந்தத் தலையைப் பார்த்தேன். புருவம் வரைக்கும் நெய்வேலி வெயில், அதற்கு மேலே வெயிலே படாத வெளுப்பு. லிங்கத்தின் முன்னால் அத்தை நெடுநேரம் கண்ணை மூடி நின்றார். கூரையிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் மாமாவின் உச்சியில் சொட்டிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அங்கேயும் ஒரு லிங்கம் முளைத்திருக்கும். தள்ளி நிற்கச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் இரண்டு கையாலும் அத்தையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

ஊர் திரும்பியதும், தலை எப்படி இருந்தது என்று எங்கள் பிளாக்கே என்னைக் கேட்டது.

"நல்ல தலை" என்று மட்டும் சொன்னேன்.