மேடையில் நடு நாற்காலி யாருக்கு?

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு, உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் மகள் தினமும் போனில் ஊருக்கே கேட்கும்படி விசாரிப்பதால் அது என் காதிலும் விழுந்துவிடுகிறது. ஆகையால் தனியாக விசாரிக்கவில்லை என்று குறை நினைக்க வேண்டாம். முட்டிவலிக்கு ஊசி போட்டது வரை எனக்குத் தெரியும்.

பேத்தியின் முதல் பிறந்தநாளிலிருந்து நீங்களும் நானும் பேசுவதில்லை. அன்றைக்கு நீங்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார, போட்டோக்காரர் "இன்னும் கொஞ்சம் தள்ளுங்கம்மா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல நான் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் படத்தில் என் முழங்கை மட்டும்தான் விழுந்தது. அந்த முழங்கைக்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியும் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து நீங்கள் இங்கே வருகிற நாளெல்லாம் எனக்குப் பல்வலி வந்துவிடும். பல் டாக்டரே "இனிமே பிடுங்க என்னம்மா மிச்சம் இருக்கு?" என்று கேட்டுவிட்டார். ஆனால் இன்றைக்கு அதைப் பேச வரவில்லை. வந்திருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. பிள்ளை உனக்கா எனக்கா என்று நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், மூன்றாவதாக ஒருத்தி வந்து அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் அமைதிப் பாடம் என்று புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள், அந்தக் காலத்து அஞ்சாம் வகுப்பு. அப்போதெல்லாம் அமைதி ஒரு பாடமாக இருக்கவில்லை, பிரம்பாக இருந்தது. வாத்தியார் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் அமைதி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது அதற்குப் படம், பாட்டு, சனிக்கிழமை வீட்டுப்பாடம் எல்லாம் உண்டு. வேறு மொழி பேசுகிற, வேறு மாதிரி வாழ்கிற ஒருவர் வீட்டுக்கு வாரம் ஒரு தடவை போய், அவர்களிடம் ஒன்றைக் கற்றுக்கொண்டு, அவர்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டுமாம். இதைக் கேட்டதும் "நல்ல காரியமாச்சே" என்று முதலில் சொன்ன வாய் என் வாய்தான். எங்கள் மேல்மாடியில் ஓர் அம்மாள் தனியாகக் குடியிருக்கிறாள். கடல் தாண்டி வந்தவள், தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், நம் பேச்சில் ஒரு சொல் தெரியாதவள். பிள்ளை ரோட்டைத் தாண்டிப் போக வேண்டாமே என்று அவளிடம் அனுப்பி வைத்ததும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, நான் காசுகூடச் செலவழிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை திரும்பி வந்த பேத்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பாட்டி! அந்த அம்மா காய்த் தோலையெல்லாம் தொட்டில போட்டு மண்ணாக்குறாங்க! கிழிஞ்ச சட்டைல பை தைக்கிறாங்க! துணி அலசின தண்ணிலதான் தரை துடைக்கிறாங்க!" என்று மூச்சுவிடாமல் சொல்கிறாள். நான் என்ன, இத்தனை வருஷமாகப் பன்னீரிலா தரை துடைத்தேன்? எண்ணெய்க் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டதற்கு உங்கள் மகள், "அத்தை, யாராவது பார்த்தா நம்மள என்ன நினைப்பாங்க?" என்று கேட்டாள். பழைய வேட்டியைக் கரித்துணியாக்கியதற்கு என் பிள்ளை சாப்பாட்டு மேஜையில் வைத்தே "எங்கம்மா மாதிரி கஞ்சம் கிடையாது" என்றான். அதையேதான் மேல்வீட்டுக்காரி செய்கிறாள். அது வளம் குன்றா வளர்ச்சியாம், பள்ளிக்கூடத்துச் சுவரில் படமாக ஒட்டுகிறார்களாம். நான் செய்தால் கஞ்சத்தனம், அவள் செய்தால் பூமியைக் காப்பாற்றுவது. நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

போகட்டும், அப்படி என்னதான் வைத்திருக்கிறாள் என்று பார்த்துவிடுவோமே என, அடுத்த சனிக்கிழமை துணி உலர்த்தப் போகிறவள் மாதிரி காலி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். கதவு ஒருக்களித்திருந்தது. லேசாகத் தலையை நீட்டினேன், வாளி நிலையில் இடித்து டங்கென்றது. அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, "வாங்க பாட்டி, உக்காருங்க" என்றாள், நம் பேச்சில்! எல்லாம் நம் பேத்தி கற்றுக்கொடுத்தது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள் என்னைப் பாட்டி என்கிறாள். சரி, பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய் பிஸ்கட்டைத் தட்டில் வைத்து நீட்டினாள். சரி என்று மரியாதையாகத் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கொண்டுவந்தாள், நான் இன்னும் நன்றாக ஆட்டினேன், இன்னும் வேகமாக எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் தடவை கழுத்தே சுளுக்கிக்கொண்டது, பிஸ்கட் வரவில்லை. பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "பாட்டி, அவங்க ஊர்ல அப்படி ஆட்டினா வேணாம்னு அர்த்தம். உலகத்துல பாதிச் சண்டை இப்படித்தான் வருதுன்னு டீச்சர் சொன்னாங்க." மீதிச் சண்டை அந்த பிஸ்கட்டால் வரும் என்று நினைத்துக்கொண்டே, வாளியை எடுத்துக்கொண்டு வெறும் வாயோடு இறங்கி வந்தேன்.

அவளால் முடிந்தது என்னால் முடியாதா என்று நானும் பூமியைக் காப்பாற்ற இறங்கினேன். பேத்தியின் கண்ணில் படும்படியாக, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு குண்டான் நிறையச் சேர்த்து பால்கனிச் செடிகளுக்கு ஊற்றினேன். தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறது என்பதும், ஓட்டைக்கு நேர் கீழே ஓய்வு பெற்ற சர்வேயர் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

"யாரு அது? மழையா?"

"செடிக்கு ஊத்தினேன்."

"என் தலைல என்ன செடியா முளைச்சிருக்கு?"

அவர் தலையில் எதுவும் முளைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அதை நான் வாய்விட்டும் சொல்லிவிட்டேன். பிறகு கேட்பானேன்! அவர் சோற்றுப் பருக்கை ஒட்டிய தலையோடு மாடிப்படியில் ஏறி வர, நான் குண்டானோடு இறங்கிப் போக, இரண்டு பேரும் பாதிப் படியில் நின்று போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அப்போது மேலேயிருந்து வந்தாள் மகராசி. இரண்டு பேரையும் படியிலேயே உட்கார வைத்தாள், நடுவில் அவள் உட்கார்ந்துகொண்டாள். அவளிடம் கற்றுக்கொண்ட அரைகுறைப் பேச்சை வைத்து, பேத்தி அவள் சொன்னதை எங்களுக்குச் சொன்னாள். பேத்தி அவளுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்று அமைதிப் பாடத்தில் இருக்கிறதாம். எதிராளி சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நம் பதிலைச் சொல்ல வேண்டுமாம். வேறு வழி? சர்வேயர் பல்லைக் கடித்துக்கொண்டு, "செடி வாடக் கூடாதுன்னு பாசத்துல ஊத்தினேன்னு இவங்க சொல்றாங்க" என்றார். நான், "குளிச்சுட்டு வந்து உக்காந்தவரை எச்சித் தண்ணியில குளிப்பாட்டிட்டேன்னு இவரு சொல்றாரு" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. கடைசியில் அவரே ஓட்டைக்கு அடியில் வைக்க ஒரு பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பேத்தி கைதட்டினாள். யாருக்குத் தட்டினாள் தெரியுமா? மேல்வீட்டுக்காரிக்கு! தண்ணீர் ஊற்றியது நான், சண்டை போட்டது நான், பெயர் மட்டும் அவளுக்கு.

இதையெல்லாம்கூட விழுங்கிக்கொண்டேன், சம்பந்தி. நேற்று ஒன்று கேட்டேன், அது தொண்டையில் இறங்கவில்லை. வருகிற மாதம் பள்ளிக்கூடத்தில் அமைதி நாளாம். ஒவ்வொரு பிள்ளையும் பெரியவர்களை மேடைக்குக் கூட்டிவர வேண்டுமாம். பேத்தி தன் அப்பாவிடம், "நடு நாற்காலில மேல்வீட்டு அம்மாதான் உக்காரணும், நான் டீச்சர்கிட்ட சொல்லியாச்சு" என்கிறாள். என் பிள்ளையும் "சூப்பர்" என்கிறான். கதவுக்குப் பின்னால் நின்ற என் வயிறு எரிந்தது பாருங்கள், அந்த நெருப்பில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம். பேத்திக்குச் சளி பிடித்தால் மார்பு தேய்ப்பது நான். தலை பின்னுவது நான். லீவு விட்டால் அவள் தங்குவது உங்கள் வீட்டில், கதை சொல்வது நீங்கள். அந்தக் கதையில் பாதி தப்பு என்றாலும், சொல்வது நீங்கள்தானே! நம் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, நேற்று வந்தவள் நடு நாற்காலியில் உட்காருவதா? முல்லை நம் வீட்டு முற்றத்தில் இருப்பதால் மணம் இல்லாமல் போய்விட்டதா?

ஆகவே நான் தீர்மானித்திருப்பது என்னவென்றால், நம் பழைய கணக்கை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சேருவோம். நீங்கள் நேரில் புறப்பட்டு வாருங்கள். இரண்டு பேருமாகத் தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்ப்போம். நீங்கள் படித்தவர், பேசுங்கள். நான் பக்கத்தில் நின்று அழுகிறேன். நடு நாற்காலியில் ஏதாவது ஒரு சொந்தப் பாட்டி உட்கார வேண்டும். அது நீங்களாக இருந்தால்கூட எனக்குச் சம்மதம். இந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது எனக்குத்தான் தெரியும்.

உங்கள் முட்டி நன்றாக மடங்கவும், வீட்டில் அனைவரும் நோய்நொடி இன்றி இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். வயதில் நான் மூத்தவள் என்று நீங்களும் நீங்கள் மூத்தவர் என்று நானும் சொல்லி வருவதால், ஆசீர்வாதம், நமஸ்காரம் இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி (இந்தத் தடவை மனதார)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். "யாருக்கு பாட்டி லெட்டர்?" என்றாள். "உங்கம்மாவைப் பெத்தவங்களுக்கு" என்றேன். பிள்ளை முகம் அப்படியே செத்துப்போய்விட்டது. "ஐயோ, ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா? எல்லாத்தையும் கெடுத்துட்டியே பாட்டி!" விஷயம் என்னவென்றால், மேடையில் மூன்று நாற்காலியாம். நடுவில் மேல்வீட்டுக்காரி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். உண்மையாகவே பேசாமல் இருக்கிற இரண்டு பேரைக் கூட்டிவந்து, அந்தத் திருப்பிச் சொல்கிற சட்டப்படி எல்லோர் முன்னாலும் பேச வைக்க வேண்டுமாம். நடிக்கிறவர்கள் கூடாதாம். "எனக்கு வீட்டுலயே ரெண்டு பேர் இருக்காங்கன்னு சொன்னதும் கிளாஸ்ல எல்லாருக்கும் ஒரே பொறாமை பாட்டி!" என்று சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்க வேண்டுமே! எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியது எதையும் நீங்கள் படிக்கவில்லை. தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்கினால் வளம் குன்றும் என்பதால்தான் அனுப்புகிறேன். தலைமை ஆசிரியையைப் பார்க்க வர வேண்டாம். அழைப்பு வந்ததும் மேடைக்கு மட்டும் வாருங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாருங்கள். கூடப் படிக்கிற பையன் ஒருவன் தன் அப்பாவையும் பெரியப்பாவையும் கூட்டிவருகிறானாம். வீட்டுக்கு நடுவில் சுவரே எழுப்பிக்கொண்டவர்களாம். அவர்களுக்கு முன்னால் நம் சண்டை இளைத்துப் போய்விடக் கூடாது, பேத்தியின் மானம் நம் கையில். அதுவரை உங்கள் கோபத்தை ஆறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறுகிற மாதிரி தெரிந்தால் உடனே போன் போடுங்கள், நான் நாலு வார்த்தை பேசிச் சூடாக்கி விடுகிறேன்.