வளையக் கடைக்கு நான் எடுத்த அளவு

பொது வேலைக்கு நானாகக் கை தூக்கியது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அந்தக் கையை அப்போதே யாராவது பிடித்துக் கீழே இறக்கியிருந்தால், எங்கள் வீட்டு விசேஷங்களில் சிரிப்பதற்கு வேறு விஷயம் தேடியிருப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில், பீங்கான் பொம்மை செய்கிறவர்கள் வாழும் எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரைக்கும்தான் வகுப்பு. என் மகள் செல்வி அப்போது ஏழாவது. எட்டாவது படிக்கப் பையன்களோடு ஹைஸ்கூலுக்குத்தான் போக வேண்டும். அதற்கு அனுப்ப மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். (அவர் முடிவாகச் சொல்வது வருஷத்துக்கு ஒரு விஷயம்தான். அந்த வருஷத்துக்கு இது.)

ஹெட்மிஸ்ட்ரஸ் ரோஸ்மேரி டீச்சர் ஒரு வழி சொன்னார். ஊர்ப் பங்கு என்று ஒரு தொகை சேர்த்து அரசாங்கத்துக்குக் காட்டினால், ஜூன் மாதமே ஷெட்டு போட்டு எட்டாவது தொடங்கலாமாம். அதற்காகப் பள்ளிக்கூடத் திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தின்பண்டக் கடை, விளையாட்டு, ராட்டினம் எல்லாம் வைத்து, குழந்தை குட்டிகளோடு ஊரைக் கூப்பிடுவது என்று முடிவானது.

நான் மூன்றாவது வரைக்கும் போனவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். செல்வி ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே சுவர் நோட்டீஸைப் படித்து முடித்துவிடுவாள். அவள் எட்டாவது போக வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கமிட்டித் தலைவி லலிதாம்மா, பெரிய ஆபீசர் வீட்டம்மா. அவர் மகள் கடலூரில் கான்வென்டில் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே ஷெட்டு வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். ஆனாலும் தலைவி என்று ஒருத்தர் வேண்டுமே. கூட்டத்தில் வேலையைப் பிரித்தார். வடை, கேசரி, டிக்கெட் எல்லாம் ஆபீசர் வீட்டு அம்மாக்களுக்குப் போனது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சல, நீ டம்ளர் கழுவிக் குடுத்துடு. உனக்கு அதான் தோதா இருக்கும்."

எனக்கு எது தோது என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கையைத் தூக்கினேன்.

"டம்ளரு யாரு வேணா கழுவலாங்க. வளையம் போடுற கடை நான் வெக்கிறேன். எங்க வூட்டுக்காரரு வேல பாக்குற பொம்மை யூனிட்டுல கேட்டுப் பொம்மை வாங்கியாரேன். மாசி மகத்துல பாத்ததில்ல? அந்தக் கடைக்குத்தான் கூட்டம் அம்முது."

"உன்னால முடியுமா?"

"பொம்மையப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேணாங்க," என்றேன். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். கடைகளிலேயே அதிகம் வசூலாகப் போவது அதுதான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

அந்த விளையாட்டின் சூட்சுமம் எனக்குத் தெரியும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வளையத்தை எறிய வேண்டும். வளையம் பொம்மையைச் சுற்றி முழுசாகக் கீழே இறங்கினால் பொம்மை எறிந்தவருக்கு. திருவிழாக் கடைக்காரன் வளையத்தை இறுக்கமாகச் செய்து வைத்திருப்பான். கையால் அழுத்தினால் இறங்கும். எறிந்தால் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

யூனிட்டில் தொப்பையும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் உருவப் பொம்மைகளைக் கொடுப்பதாகச் சொன்னார்கள். நான் போனபோது அவை பலகையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. இன்னும் சூளைக்குப் போகவில்லை. சூளைக்குப் போகாததை எங்கள் பக்கம் பச்சைப் பொம்மை என்போம். ஒரு கடைக்காரர் பொம்மையின் தொப்பையைச் சுற்றி நூலால் அளவெடுத்து, நூலைக் கூடை பின்னுகிறவரிடம் கொடுத்து, மூங்கில் பட்டையில் வளையம் கட்டச் சொன்னேன். "கொஞ்சம் லூசா கட்டட்டுமா தாயி?" என்று கேட்டார். "நூலு எவ்ளோவோ அவ்ளோதான்," என்றேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார்:

"அளவு சரியா எடுத்தியாடி?"

"உன்னக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து பீங்கானோடதான் குடுத்தனம் பண்றேன். எனக்கு அளவு சொல்ல வந்துட்ட!"

அவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். தப்பித்தோம் என்று நினைத்திருப்பார்.

பொம்மைகள் வெந்து, வண்ணம் பூசி, வைக்கோலில் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராகத் திடலுக்கே வந்தன. அடுக்கினேன். ஒரு வளையத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேனா? இல்லை. அளவெடுத்தவளுக்கு அதெல்லாம் எதற்கு? கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மார்பில் ரிப்பன் பூ குத்திக்கொண்டு நின்றேன். காசு வாங்கிப் போட செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாலணாவுக்கு மூணு வளையம்!" என்று அவள் கத்தியது வடைக் கடை வரைக்கும் கேட்டது.

முதலில் வந்தவர் வேப்பூரில் ஓட்டல் வைத்திருந்த ஒருவர். வாயில் முறுக்கு. அக்கறையே இல்லாமல் ஒரு வளையத்தை வீசினார். கடைக்காரர் பொம்மையைச் சுற்றித் தொப்பென்று இறங்கியது. கைதட்டல். முதல் போணி, ராசியான ஆள் என்று நினைத்தேன். இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதை வேறெங்கோ பார்த்துக்கொண்டே வீசினார், அதுவும் இறங்கியது.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்ட மாதிரி, வளையத்துக்கும் தொப்பைக்கும் நடுவில் விரலை விட்டுச் சுழற்றலாம். அத்தனை கடைக்காரர்களுக்கும் தொப்பை வற்றிப்போயிருந்தது. பச்சைப் பொம்மை சூளையில் வெந்தால் சுருங்கும். எங்கள் தெருவில் தவழ்கிற குழந்தைக்கும் தெரிந்த சங்கதி அது. நினைவு வந்தபோது எனக்கு எதிரில் வரிசை ராட்டினம் வரைக்கும் நீண்டிருந்தது.

கயிற்றைப் பின்னால் தள்ளிக் கட்டினேன். புண்ணியமில்லை. ஓட்டல்காரர் எங்கேயோ போய் ஒரு காலி மாவுச் சாக்கோடு திரும்பி வந்தார்.

"யம்மா, கடயச் சாத்திப்புடாத. சாக்கு எடுத்தாந்துட்டேன்!"

விஷயம் பரவி எங்கள் தெருவே திரண்டு வந்தது. என் நாத்தனார் பச்சையம்மா முந்தானை நிறையப் பொம்மைகளைக் கட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி வாழ்த்தினாள்:

"அண்ணி! இத்தினி வருசம் மாசி மகத்துல வீசி ஒரு சோப்பு டப்பா வுழுந்ததில்ல. உங்க கடைதான் கடை! நீங்க நல்லா இருக்கணும்!"

அந்த வாழ்த்து லலிதாம்மா காதில் விழுந்துவிட்டது. வந்தார். பாதி மேசை காலி. ஒரு வளையத்தை எடுத்துப் பொம்மை மேல் போட்டார். ஒரு விரலால் சுற்றிவிட்டார். அது பாட்டுக்குச் சுற்றியது.

"அஞ்சல, அள்ளிக்கிட்டுப் போறதெல்லாம் உன் சொந்தக்காரங்கதான் போல. முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

செல்வி எழுந்து, "எங்கம்மா அப்படிப்பட்டவங்க இல்லீங்க," என்றாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் திருடி என்றால் ஊர் கொஞ்ச நாள் பேசிவிட்டு மறக்கும். பொம்மைக்காரன் பெண்டாட்டிக்குப் பொம்மை சுருங்குவது மறந்துபோனது என்று தெரிந்தால் எந்த முகத்தோடு தெருவுக்குள் நுழைவேன்? திருடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வந்தார் என் வீட்டுக்காரர். வளையத்தைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி! பச்சையிலயா அளவெடுத்த?"

சிரித்தார் பாருங்கள். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் கல்யாணத்தில்கூட அவர் சிரித்ததில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, லலிதாம்மாவுக்கு விளக்கமும் சொன்னார்: "இது திருட்டு இல்லீங்கம்மா. வெந்தா பொம்மை சுருங்குங்க. இவ அத மறந்துட்டா. அவ்ளோதாங்க." தெரு சிரித்தது, வடைக் கடை சிரித்தது, ஓட்டல்காரர் சாக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். லலிதாம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்பவே டம்ளரு கழுவச் சொன்னேன், கேட்டியா?" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திருடி ஆகாமல் காப்பாற்றினார். அதற்காக நான் அவரைக் கடைசிவரைக்கும் மன்னிக்கவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாயங்காலம் வரைக்கும் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டம்ளர் கழுவினேன். யாரும் கழுவச் சொல்லவில்லை.

பொம்மை தீர்ந்ததும் என் கடை வசூலும் நின்றுபோனது, ஊர்ப் பங்கு சேரவில்லை. "அடுத்த வருஷம் பாக்கலாம் அஞ்சல," என்று ரோஸ்மேரி டீச்சர் என் கையைப் பிடித்துச் சொன்னார். அடுத்த வருஷம் ஷெட்டு வந்தது, எட்டாவதும் வந்தது. அதற்குள் செல்வி பெரியவளாகி, பொம்மைக்குக் கண் எழுதும் வேலைக்கு அப்பாவோடு போக ஆரம்பித்திருந்தாள். நடுவில் நின்ற படிப்புக்கு மறுபடி அனுப்ப வீட்டில் யாரும் ஒப்பவில்லை. கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. அளவு விஷயத்தில் அதற்குப் பிறகு என் பேச்சு அந்த வீட்டில் எடுபட்டதே கிடையாது.

இப்போதும் யாருக்காவது ஜாக்கெட் தொளதொளவென்று தைத்து வந்தால், "இன்னா, பச்சையில எடுத்த அளவா?" என்று ஒருவர் ஆரம்பித்துவிடுவார். புது மருமகள் வந்தால் அவளை உட்காரவைத்து முழுக் கதையும் சொல்லியாக வேண்டும். சொல்வது எப்போதும் செல்விதான். அவளைப்போல அதைச் சொல்ல ஆளில்லை. ஓட்டல்காரரைப் போல முறுக்கு மெல்லுவாள், பச்சையம்மா அத்தையைப் போல முந்தானையை ஏந்துவாள், லலிதாம்மாவைப் போலக் கண்ணாடியைத் துடைப்பாள். அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்த இடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் கதையை அங்கேயே நிறுத்திவிடுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் எட்டாவது இல்லாமல் போன அந்த ஜூன் மாதத்துக்குள் போனதில்லை.

நானும் சிரித்துவிட்டு, அடுத்த பந்திக்கு இலை போட எழுந்து போய்விடுவேன்.