பதினான்கு டேக் மளை

அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அவன் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. சிவப்புப் பேனாவால் ஒரு சுழி சுழித்துவிட்டால் போதும், எதிரில் இருப்பவர் திருத்திக்கொண்டு வந்துவிடுவார். இந்த வசதியை நம்பி இருபத்தைந்து வருடம் நான் பெரிய மனிதனாகவே வாழ்ந்துவிட்டேன். பிறகு மதுரையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்தேன். அதோடு முடிந்தது.

எனக்கு வேலை திருத்தங்கலில். வெடிப்பெட்டி லேபிள், தினசரிக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று எது அச்சானாலும் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போக வேண்டும். அதிலும் ழகரம் விஷயத்தில் நான் கொஞ்சம் மோசமானவன். எங்கள் பக்கத்தில் மழை பெய்யாது, மளைதான் பெய்யும் (அதுவும் எப்போதாவது). பழம் கிடையாது, பளம். கிழமை கிடையாது, கிளமை. பேசுகிறபடியே எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். ஒருமுறை 'நிகளும் மங்களகரமான' என்று ஆரம்பித்த கல்யாணப் பத்திரிகையை நிறுத்திவைத்து, மாப்பிள்ளையின் அப்பாவையே வரவழைத்து, நாக்கை எந்த இடத்தில் மடக்க வேண்டும் என்று பாடம் நடத்தினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். போகும்போது மட்டும் ஏனோ ஒரு மாதிரி சிரித்தார். (படித்தவனைக் கண்டால் சிலருக்கு வரும் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.)

இப்படிப்பட்டவனுக்குப் பாட்டு எழுதும் வியாதியும் இருந்தது. ஆறு பாட்டு. ஆறும் மழையைப் பற்றி. இல்லாததைப் பாடுவதுதானே கவிஞனுக்கு அழகு? அதோடு, வரிக்கு வரி ழகரத்தை இறக்கி என் புலமையைக் காட்டவும் மழையை விட்டால் நல்ல விஷயம் இல்லை. 'வழி தவறி எங்க ஊருக்குள்ள நுழைஞ்ச மழையே' என்று ஆரம்பிக்கும் முதல் பாட்டை அச்சகத்து ஃபோர்மேன் தங்கராசுவிடம் காட்டினேன்.

"அண்ணாச்சி, வெடி காயப்போடுற ஊர்ல உக்காந்துக்கிட்டு மளையக் கூப்பிடுறீகளே, நாலு பேர் கேட்டா அடிக்க வருவாக. எளுதுறதுதான் எளுதுறீக, வெயிலப் பத்தி எளுதுனா என்ன? அம்புட்டுச் சரக்கு இங்கன கெடக்கே" என்றார்.

ரசனையற்றவர்களிடம் காட்டக் கூடாது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

பதிவெல்லாம் ஆமத்தூரில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஃபேனை நிறுத்துவேன். பீரோவின் இரண்டு கதவையும் திறந்துவைப்பேன். (சேலைகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன்.) தலையணை மேல் போனை வைத்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு மெட்டை முனகுவேன். தன்னன்னா தனனன்னா, அவ்வளவுதான். என் குரல் தகரப் பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற ஜாதி. அதனால் வார்த்தை போட்டுப் பாடும் வேலையை மனைவியிடம் ஒப்படைத்தேன்.

மனைவி ஜெயமேரி விருதுநகரில் நர்ஸ். சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறவள். அவள் போர்வைக்குள் புகுந்ததும் பாட்டுகளுக்குக் கைகால் முளைத்தன. நான் ஒரே மூச்சில் போட்டிருந்த நீளமான வரியை நடுவில் முறித்து, ஒரு மூச்சு வாங்கி, மிச்சத்தைத் தாழ்த்திப் பாடினாள். "மெட்டு அப்படி இல்லையே" என்றேன். "எனக்கு நுரையீரல் ரெண்டுதான் இருக்கு" என்றாள். மறுவாரம் போட்டுக் கேட்டபோது பாட்டிலேயே நல்ல இடம் அதுதான். அதை என் யோசனையாகவே நோட்டில் குறித்துக்கொண்டேன். இப்படி ஒவ்வொரு பாட்டுக்கும் ஏழெட்டுப் பதிவு ஆயிற்று. ஒன்றில் குக்கர் விசில் அடிக்கும். இன்னொன்றில் பக்கத்து வீட்டு ஆடு சேர்ந்து பாடும்.

ஒரே ஒரு குறை. அவள் வாயில் மழை, மளையாகத்தான் வந்தது.

"நாக்கை மடி. மழை. எங்கே, சொல்லு."

"மளை."

"மளை இல்லை, மழை!"

"நான் சொல்ற மளையா இருந்தா என்ன, நீங்க சொல்ற மளையா இருந்தா என்ன? நனையப் போறது நாமதான?"

பாவம், வித்தியாசத்தைச் சொல்லக்கூட வாய் வரவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.

ஆறு பாட்டையும் மதுரையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் டேனியலுக்கு அனுப்பினேன். மறுநாளே கூப்பிட்டார். "சார், இத ஆல்பமாவே பண்ணிரலாம். பாடினது யாரு சார்?"

"வீட்டில்தான். சும்மா மெட்டு அடையாளத்துக்காகப் பாடினது. ழகரம் வராது. நல்ல உச்சரிப்பாக ஒரு பாடகியை ஏற்பாடு பண்ணுங்கள்."

"இல்ல சார், அவங்களே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு "பண்றேன் சார்" என்றார். அந்தத் தயக்கத்தை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இதை ஜெயமேரியிடம் சொல்ல வேண்டும் அல்லவா? சொல்லவில்லை. தான்தான் பாடப் போகிறோம் என்று நினைத்து அவள் டூட்டி மாற்றி இரண்டு நாள் லீவு வாங்கினாள். ஒரு வாரமாக மோர் தொடவில்லை. தொண்டைக்கு மிளகுத் தண்ணீர் குடித்தாள். பீரோவிலிருந்து, எதிரொலியை உறிஞ்சிக்கொண்டிருந்த சேலைகளிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மதுரை பஸ்ஸில் ஏறும்போது, கள்ளிக்குடி வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். கள்ளிக்குடியில் திருமங்கலத்துக்கு ஒத்திவைத்தேன். திருமங்கலத்தில் அவளே திரும்பிக் கேட்டாள்.

"ஏங்க, அங்கன மைக்கு முன்னாடி நின்னுக்கிட்டுப் பாடணுமா, உக்காந்தா?"

"நின்னுக்கிட்டு" என்றேன்.

(என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான ஒற்றைச் சொல் அதுதான்.)

கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு பெண் எழுந்து நின்றாள். "வணக்கம் சார், நான் பவித்ரா. நான்தான் பாட வந்திருக்கேன்."

ஜெயமேரி என்னைப் பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன் எந்த இடத்தில் குத்தலாம் என்று பார்க்கிற பார்வை. பிறகு "நல்லா பாடும்மா" என்று பவித்ராவிடம் சொன்னாள். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, தனக்காகக் கொண்டுவந்த மிளகுத் தண்ணீரை ஊற்றி, "தொண்டைக்கு இதமா இருக்கும், குடி" என்று அவளிடமே கொடுத்துவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்தாள். மடியில் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பவித்ரா பாடினாள். ழகரம் தேன். சுதி சுத்தம். ஆனால் பாட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்த லட்டு மாதிரி பார்க்க மட்டும் இருந்தது. டேனியல் பட்டன்களைத் திருகிக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை பவித்ராவே நிறுத்தினாள்.

"சார், வீட்டுப் பதிவுல அக்கா 'நுளைஞ்ச மளையே'ன்னு பாடறாங்க. அது கேக்க நல்லாருக்கு. அப்படியே பாடட்டுமா?"

என் காலம் வந்துவிட்டது. "அது வழக்கு இல்லை அம்மா, பிழை. வெளியே வாருங்கள். நான் எப்படி என்று காட்டுகிறேன்."

உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டேனியல், பவித்ரா, ஜெயமேரி.

"மழை" என்றேன், கணீரென்று.

"சார், ழகரத்துல சொல்லுங்க" என்றது ஹெட்ஃபோனில் டேனியலின் குரல்.

"ழகரத்தில்தானே சொன்னேன்?"

"இன்னொரு டேக் போவோம் சார்."

இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நாக்கை மடித்துச் சொன்னேன். சுருட்டிச் சொன்னேன். அண்ணத்தில் ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். பதினான்காவது தடவை டேனியல் மெல்ல, "சார், நீங்களே ஒருவாட்டி கேட்டுருங்க" என்று எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டார்.

யாரோ ஓர் ஆமத்தூர்க்காரன் ஹெட்ஃபோனுக்குள் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: மளை. மளை. மளை. பதினான்கு முறையும் மளை.

"மைக் சரியில்லை."

"ஆறாவது டேக்லயே மாத்திட்டேன் சார்."

"வாழை என்று சொல்கிறேன், பாருங்கள்." வாளை என்று விழுந்தது. வேர்த்துவிட்டது. கடைசி நம்பிக்கையாகத் 'தமிழ்' என்றேன். தமிளு.

பிறகு யோசித்தபோது காரணம் விளங்கியது. எனக்கு எழுத்து தெரியும். தெரிந்ததால், வாய் எதைச் சொன்னாலும் காது அதைச் சரியான எழுத்தில் வாசித்துக்கொண்டது. ஊரையே திருத்தியவன் தன் வாயை மட்டும் புரூஃப் பார்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகைக்காரர் ஏன் சிரித்தார் என்பதும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்தான் புரிந்தது.

ஜெயமேரி சோபாவிலிருந்து எழுந்து வந்து, டேனியலிடம் கேட்டு, கூண்டுக்குள் பேசுகிற பட்டனை அழுத்தினாள். அவள் குரல் என் இரண்டு காதிலும் நிறைந்தது.

"என்னப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே, 'வாளப்பளம் வேணாம், சளி பிடிச்சிருக்கு'ன்னுதான சொன்னீக?"

"அப்பவே தெரியுமா? இத்தனை வருசமா ஏன் சொல்லல?"

"நாங்க நோயாளிகிட்ட எல்லாத்தையும் ஒடனே சொல்லிற மாட்டோம்."

பவித்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "அக்கா, நீங்களே பாடுங்க. நான் பின்னால குரல் சேத்துக்கறேன். இது உங்க பாட்டு, எனக்கு உக்காரவே மாட்டேங்குது."

"அன்னைக்கே போன்ல சொல்ல நினைச்சேன் சார்" என்றார் டேனியல்.

"நான் பாடல" என்றாள் ஜெயமேரி. "எனக்குத்தான் ழகரம் வராதே."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இப்போது அவள் வாசலைத் தாண்டினால் ஆல்பம் கிடையாது. அதைவிட, அந்தப் பை திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கும் அவளுக்கும் நடுவே உட்கார்ந்து வரும், அதற்குப் பிறகு எத்தனை வருடத்துக்கு என்று சொல்ல முடியாது. நான் கூண்டை விட்டு வெளியே வரவில்லை. எதிரில் மைக் இருந்தது.

"ஜெயா, பஸ்ஸிலேயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். வேற ஆளக் கூப்பிட்டதே தப்பு. அந்தப் பாட்டுல நல்லா இருக்கிற எடமெல்லாம் நீ மூச்சு வாங்குன எடம்தான். நோட்டுல என் பேர எழுதிக்கிட்டேன். எல்லாம் என் பிழைதான்."

அவள் டேனியல் பக்கம் திரும்பினாள். "தம்பி, கடைசியா என்னன்னு விளுந்துருக்கு?"

டேனியல் போட்டுக் கேட்டார். "பிளைன்னு விழுந்திருக்கு அக்கா."

"அப்பச் சரி. பாடுறேன்" என்று பையை இறக்கினாள். "ஆனா பாட்டுப் பொஸ்தகத்துல நான் பாடுனபடிதான் போடணும். ஒரு எளுத்த மாத்தக் கூடாது."

அந்த நேரத்தில் பைபிளையே பிழையோடு அடித்துத் தரச் சொல்லியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கும் மறுநாளும் அவள் பாடினாள். நின்றுகொண்டுதான். வீட்டுப் பதிவில் போர்வைக்குள் கிடந்த குரல் எழுந்து உட்கார்ந்து, வாசலுக்கு வந்து, ஊரைக் கூப்பிட்டது. முறித்த இடத்தில் முறித்தாள், மூச்சு வாங்கிய இடத்தில் வாங்கினாள். பின்னால் பவித்ரா குரல் சேர்த்தாள், அவளும் மளை என்றே. ஆறாவது பாட்டு மட்டும் கூடத்தில் சரிப்படவில்லை. ஏழெட்டு டேக்குக்குப் பிறகு டேனியல் என் போன் பதிவையே, குக்கர் விசிலோடு எடுத்து வைத்துக்கொண்டார். கடைசி விசில் சுதியில் சேர்கிறதாம்.

மூன்று வாரம் கழித்து முடிந்த ஆல்பத்தைக் கேட்க டேனியல் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முதல் பாட்டில் வாத்தியம் எதுவும் தொடங்குவதற்கு முன்னால், இடது காதில் ஒரு சொட்டு: மளை. வலது காதில் ஒன்று: மளை. அப்புறம் இரண்டு, நாலு, படபடவென்று தகரக் கூரையில் இறங்குவது மாதிரி. என்னுடைய பதினான்கு டேக். என் மானம் ஒவ்வொரு சொட்டாக விழுந்து தாளமாகிவிட்டது.

"இதை எடுத்துருங்க" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள் பாடகி. இருந்துவிட்டது.

பாட்டெல்லாம் போனிலேயே வந்துவிடுகிற காலம்தான். ஆனாலும் அச்சகத்தில் வேலை பார்க்கிறவனின் ஆல்பத்துக்குப் பாட்டுப் புத்தகம் இல்லாமலா? எங்கள் மிஷினிலேயே ஓட்டக் கொடுத்தேன். தங்கராசு புரூஃபை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, ஒடம்புக்கு எதும் முடியலையா? அட்டையிலயே 'மளை'ன்னு கெடக்கு. உள்ள நூத்துக்கு மேல தப்பு. ஒண்ணக்கூடச் சுளிக்கலயே?"

"அது பிழையில்லை தங்கராசு. பாட்டு" என்றேன், இருந்த கௌரவத்தையெல்லாம் திரட்டி. கடைசிப் பக்கத்தில் 'பிழை திருத்தியவர்' என்று என் பெயர் இருந்தது.

ஆல்பம் ஓடியது. சும்மா ஓடவில்லை, சீசன் நேரத்தில், வெடிக் கம்பெனி வேனில் ஓடியது. சாத்தூர் ரோட்டில் ஒருநாள் ஒரு வேன் என்னைத் தாண்டிப் போனது. உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டு என் பதினான்கு டேக்கையும் பாடிக்கொண்டிருந்தார்கள். மழையை எதிரியாக நினைக்கிற ஊர் மளையை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஜெயமேரி வார்டுக்குள் போனாலே நோயாளிகள் எழுந்து உட்காருகிறார்களாம். வெளியூரிலிருந்து சிலர், 'மழை என்பதே சரி, தமிழைக் கொல்லாதீர்கள்' என்று எழுதுவார்கள். அவற்றை அவள் எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள், அவளுடைய உச்சரிப்பில்.

விளைவு ஒன்றே ஒன்றுதான், ஆனால் தீராது. தங்கராசுவிடம் சொன்ன பதில் அச்சகத்தைச் சுற்றி வந்து, எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சாம்பாரில் உப்பு இல்லை என்றால், "அது பிளையில்ல, பாட்டு" என்கிறாள் மனைவி. லேபிளில் நான் எதையாவது சுழித்தால், "நல்லாப் பாருங்க அண்ணாச்சி, பாட்டா இருக்கப் போகுது" என்கிறார் தங்கராசு. போன மாதம் அச்சாகிவந்த காலண்டரோடு முதலாளி என் மேஜைக்கே வந்துவிட்டார். பிப்ரவரிக்கு முப்பது நாள் இருந்தது. பார்த்தது நான்தான். எழுந்து நின்று, "சார், அது வந்து..." என்று இழுத்தேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"பாடுங்க, கேப்போம்" என்றார்.