ஆயுசுக்கும் ஒரு வாரம்

டிரைவிங் மாஸ்டர் அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்த தோரணையே வேறு. செருப்பைக்கூட ஜமீன்தார் மாதிரி கழற்றினார்.

“இனிமே வருஷா வருஷம் ஒரு வாரம் நமக்கு மலையில பங்களா. ஆயுசுக்கும். கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்.”

“முன்பணம்?” என்றாள் மனைவி.

“குடுத்தாச்சு.”

“எதுலேர்ந்து?”

மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். தையல் மெஷின் வாங்குவதற்காக, ஊர்த் துணிக்கெல்லாம் கையால் ஓரம் தைத்து அவள் சேர்த்த பணம் அது.

குக்கர் இலவசம் என்றுதான் பங்களா கம்பெனிக்காரர்கள் ஓட்டலுக்குக் கூப்பிட்டார்கள். குளுகுளு அறையில் உட்கார வைத்து மூச்சுக்கு மூச்சு ‘சார்’ என்றார்கள். வீட்டில் யார் அவரை அப்படிக் கூப்பிடுகிறார்கள்? குக்கரும் கைக்கு வந்தது. மூடி மட்டும் பின்னால் வருமாம்.

அவள் ஒப்பந்தத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் விரல் நின்றது.

“பத்து நாளைக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்தா முழுப் பணமும் திரும்ப வருமாம். காரணம்கூடச் சொல்ல வேண்டாமாம்.”

“சொன்ன சொல் மாற மாட்டேன். எனக்கு ரிவர்ஸ் கியரே கிடையாது.”

“அதுவும் சரிதான்” என்று காகிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். சண்டைக்குத் தயாராக வந்தவர், அது கிடைக்காமல் வெறும் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை சவரம் செய்துகொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது.

“ஆமாம்மா, வருஷா வருஷம். நீ, அண்ணன், அண்ணி, பிள்ளைங்க எல்லாரும்தான். ஒரே ரூம்தாம்மா. அதனால என்ன, அவர் வராந்தாவுல படுத்துக்குவார். பேச்சுத்துணைக்கு ஆளில்லைன்னு புலம்புவியே, ஏழு நாளும் அவர்கிட்டப் பேசிக்கிட்டே இருக்கலாம்.”

பிளேடு கன்னத்தைப் பதம் பார்த்தது.

“போன்ல யாரு?”

“எங்கம்மா. இப்பவே பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டாங்க.”

“ஆயுசுக்கும்னா… ரொம்ப வருஷம் ஆகுமில்ல?”

“எங்க பக்கம் எல்லாருக்கும் கெட்டி ஆயுசுங்க.”

அன்றைக்கு வண்டி ஓட்டப் பழக வந்தவரைப் பாதி ரோட்டில் இறக்கிவிட்டு, மாஸ்டர் கம்பெனி ஆபீசுக்குப் பறந்தார்.

“பணமெல்லாம் திரும்ப வராது சார். வேணும்னா இன்னும் பெரிய ரூமா…”

பெரிய ரூம் என்றால் இன்னும் எத்தனை பேர் வருவார்களோ. மாஸ்டர் அந்த வரியில் விரலை ஊன்றினார்.

“பத்து நாளைக்குள்ள வந்திருக்கேன். காரணம் சொல்ல வேண்டியதில்லைன்னு நீங்களே போட்டிருக்கீங்க. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

அங்கேயே எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்தச் சொல்லி, நகலோடுதான் வெளியே வந்தார். பணம் வந்து சேர்ந்த பிறகே வீட்டில் வாயைத் திறந்தார்.

“மலைக்குளிர் அத்தையோட மூட்டுவலிக்கு ஆகாது. அவங்களை நெனச்சுத்தான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்.”

“அடடா. அம்மாகிட்ட நான் எப்படிச் சொல்வேன்?”

“நானே பக்குவமாச் சொல்றேன்” என்று பெருந்தன்மையோடு போனை எடுத்தார். அவள் மெஷின் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, மனசைத் தேத்திக்குங்க. அந்த மலை பங்களா கைவிட்டுப் போச்சு.”



“எந்த மலை, மாப்பிள்ளை?”