புயற்பருந்து மீசையிழந்த படலம்

மேகமலை முகிலைக் குடையாகவும் சுருளி அருவியின் இரைச்சலை முரசாகவும் கொண்டு, பெரியாற்று நீர் கால்கழுவப் பச்சைப் பட்டு விரித்துக் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் மாவீரனே, பந்தலுள் குனிந்து நுழைந்தால் பன்னீர்த் திராட்சைக் கொத்துகளைக் கண்ணாலேயே நிறுத்துவிடும் தரகர்குலத் திலகமே, புயற்பருந்து வாசகர் மன்றத்தின் நிறுவனரும் நிகரற்ற தலைவருமாகிய ஈஸ்வரபாண்டியே, நீ வாழி! நின் சினம் வாழி! ஒரு வெள்ளிக்கிழமைக் காலைக் காட்சியின் இடைவேளையில் நீ தொடுத்த பெரும்போரைப் பாடப் புகுகின்றோம். கலைமகள் துணைநிற்பாளாக, அவள் திரைப்படம் பார்ப்பதில்லையாதலின் அவளுக்கு ஓய்வு உண்டு.

புயற்பருந்து யார் என வினவுவோர் இப்பள்ளத்தாக்கில் இலர், வெளியூரார்பொருட்டுச் சொல்லுவோம். மாதந்தோறும் மங்கிய தாளில் அச்சாகி, பேருந்து நிலையத்துக் கடைகளில் கயிற்றில் தொங்கி விலைபோன சித்திரக்கதையின் தலைவன் அவன். ஆங்கிலம் கற்றோர் ‘சூப்பர் ஹீரோ’ என்பர். தமிழுக்கு வறுமை இல்லையாதலின் மீவீரன் என்போம். கருங்காலி நிறத்தான், நெற்களம்போல் அகன்ற மார்பினன், மலைமாட்டின் கொம்புபோல் இருபுறமும் வளைந்தேறிய மீசையான், காற்றின் முதுகேறிப் பறப்பவன், பேசாதவன். சிறுவனாய் அவ்விதழைக் கையில் எடுத்த ஈஸ்வரபாண்டி, நாற்பதைக் கடந்தும் அதனைக் கீழே வைத்தானில்லை. அவன்போலவே மீசை வளர்த்தான். அவன்போலவே வாய்மூடி இருக்க மட்டும் தரகுத் தொழில் இடங்கொடுக்கவில்லை.

அக்கதைகளுள் தலையாயது மதகுக் கதை. கந்தகக்கோன் என்னும் நீர்வணிகன், தண்ணீருக்கு விலை படியாத ஊரைப் பழிவாங்க, அணையின் மதகை வெடிவைத்துத் தகர்க்கின்றான். புயற்பருந்து பறந்து வந்து, உடைந்த மதகின் வாயில் தன் முதுகைக் கொடுத்து நிற்கின்றான். ஊர் முழுவதும் மேடேறும்வரை நிற்கின்றான். பக்கம் பக்கமாகப் பேச்சே இல்லை. தண்ணீரும் ஒரு முதுகும் மட்டுமே. மலையடி லோயர் கேம்பில் பெரியாற்று நீர் இறங்கும் நாளைக் கேட்டு நாற்றங்காலுக்கு நாள் குறிக்கும் மாந்தர்க்கு இது பொழுதுபோக்கு அன்று, ஏறத்தாழப் புராணம். இக்கதை திரைப்படமாகின்றது என்னும் செய்தி வந்த நாள்முதல் ஈஸ்வரபாண்டியின் நெஞ்சில் எரிந்தது ஒரே வினா: அந்த மதகுக் காட்சி பழுதின்றி வருமா?

படம் எடுத்தோரோ நாயகனின் முகத்தை வெளியீட்டு நாள்வரை மறைத்துவைத்தனர். மறைத்தால் என்ன, முகம் தெரியாததா என்று எண்ணிய மன்றத்தார், சித்திரக்கதையைப் பார்த்து, தென்னை உயரத்துக்கு ஒரு கட்-அவுட்டைத் தாமே எழுதுவித்துத் திரையரங்க வாயிலில் நிறுத்தினர். கரிய மேனி, களம்போன்ற மார்பு, மீசை. கழுத்தில் பூமாலைக்கு மாறாக, கொடியிலிருந்து அன்றே அறுத்த பன்னீர்த் திராட்சையால் அடிவரை தொங்கும் மாலை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் படக்குழுவின் சுவரொட்டி வந்து பக்கத்திலேயே ஒட்டப்பெற்றது. அதில் நின்றவன் பால்நிறத்துச் சிற்றிடையான். மேலுதட்டில் எறும்பு ஊர்ந்தாலும் தெரியும் மழிப்பு. இரண்டுக்கும் உறவு காண இயலாது கூட்டம் திகைத்தது. காய்கறி வாங்கச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த பிச்சையம்மாள் என்னும் மூதாட்டி, கட்-அவுட்டைக் கண்டு செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

“எந்தூருக் கருப்பசாமிப்பா இது? படையலுக்குத் திராச்ச வைக்கிறது புதுசா இருக்கே” என்று மன்றத்தாரைக் கேட்டாள்.

வாள் உறையிலிருந்தபடியே துருப்பிடித்தாற்போன்ற மனத்தோடு, மனைவி ஹேமாவதியை உடனழைத்துக்கொண்டு, மன்றப் படை பின்தொடர, ஈஸ்வரபாண்டி அரங்கினுள் புகுந்தான். அங்கே முதற்பாதி என்னும் கொடுங்கோல் அவனை ஆண்ட விதத்தை எங்ஙனம் சொல்வோம்! பேசாதவன் பேசினான், பேசிக்கொண்டே பறந்தான், பறந்துகொண்டே நகைச்சுவை உரைத்தான். கடுங்குளிர் நாடொன்றின் பனிமலைமேல் மேலாடையின்றி ஆடினான். சித்திரக்கதையில் அணையின் கணக்கனைத்தையும் தன் விரல்நுனியில் வைத்திருந்த பொறியாளர் செங்காந்தள், திரையில் மாடிதோறும் கால் இடறி விழுவதையே தொழிலாகக் கொண்டிருந்தாள். விழுந்தபோதெல்லாம் அவளை ஏந்துவதையே புயற்பருந்து தொழிலாகக் கொண்டிருந்தான். கண் இமையாது ஊரை விலைபேசிய கந்தகக்கோனுக்கு ஓர் அழுகைப் பிள்ளைப்பருவத்தைப் படைத்து, அவன் தாயைக் கட்டிலில் கிடத்தி, அவனுக்காகவும் இரங்குமாறு வயலின் வாசித்தனர். இரக்கம் வேண்டிய இடத்தில் சிரிப்பும், சினம் வேண்டிய இடத்தில் இரக்கமும், மீசை வேண்டிய இடத்தில் வெறுமையும் கண்டு, ஈஸ்வரபாண்டி இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றினான். அது அடுத்திருந்தவருடையதாகவும் இருந்தமையால் அவர் கையும் சேர்ந்து இறுகிற்று.

இடைவேளை மணி ஒலித்தது. குருச்சேத்திரத்துச் சங்கு ஒலித்தாற்போல் அவன் எழுந்தான். படை எழுந்தது. தேநீரும் பப்ஸும் விற்கும் வாயிலைக் கடந்து, இருசக்கர வாகனக் காடு கடந்து, கட்-அவுட்டின் திருவடியில் இருந்த சிமெண்டு மேடைமேல் ஏறி, அதன் மீசைக்கு நேர்கீழே தன் மீசை துடிக்க நின்று, பள்ளத்தாக்கு கேட்க அவன் முழங்கினான்.

“ஏலே, எல்லாரும் கேட்டுக்கங்க. உள்ள இருக்கிறது நம்ம பருந்து இல்ல, வேற எவனோ. முன்பாதியே இப்பிடின்னா, மதகையும் பாட்டா ஆக்கியிருப்பாங்கெ. அதப் பாத்துட்டு நாம கைதட்டினா, அங்கன முதுகக் குடுத்து நின்ன மனுசனுக்குத் துரோகம். இனிமே எவன் இந்தக் கதவத் தாண்டி உள்ள போறானோ, அவன் மன்றத்துல இல்ல. அது நானா இருந்தாலுஞ் சரி.”

கடைசி வாக்கியம் தேவையற்றது என்று அவன் உடனே உணர்ந்தான். ஆயினும் வில்லினின்றும் அம்பு புறப்பட்டுவிட்டது, படை ஆர்ப்பரித்துவிட்டது.

வீரப் படையின் பசியை வரலாறு மறைப்பதில்லை. சூளுரைத்த களைப்பில் ஒருவன் கட்-அவுட்டின் மாலையிலிருந்து ஒரு திராட்சையைப் பறித்தான். மற்றவரும் பறித்தனர். மாலை முழங்காலளவு குறைந்திருந்தபோது இடைவேளை முடிந்ததற்கான இரண்டாம் மணி ஒலித்தது. அப்போது நிகழ்ந்த படைச்சிதைவு, பெருவெள்ளத்தில் கரை கரைந்தாற்போல் ஓசையின்றி நிகழ்ந்தது. ஒருவன் தலைக்கவசத்தை இருக்கையிலேயே மறந்துவிட்டதாக நினைவுகூர்ந்து சென்றான். இன்னொருவனின் வண்டிச் சாவி இருளில் எங்கோ விழுந்திருந்தது. வேறொருவன், தான் நாட்டுக்குச் செய்யவேண்டிய கடன் கழிப்பறையில் இருப்பதாகச் சைகையால் உணர்த்திச் சென்றவன், கழிப்பறையைக் கடந்தும் சென்றான். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச்செல்லும் ஜீப் ஓட்டுநனும் மன்றத்தின் துணைத்தலைவனும், வளைவுதோறும் மரணத்தை முந்திச்செல்லும் வன்னெஞ்சனும் ஆகிய ஒச்சாண்டி ஒருவனே இறுதிவரை நின்றான்.

“அண்ணே, உள்ள போனதெல்லாம் நம்ம பயலுகதான். நான் போயி ஒவ்வொருத்தனாக் காதப் புடிச்சு இழுத்துட்டு வாரேன். நீங்க இங்கனயே நில்லுங்க” என்றான் அவன். சென்றான். அவனும் மீளவில்லை, காதுகளும் மீளவில்லை.

தன்னந்தனியனானான் தலைவன். மேலே வெயிலில் கட்-அவுட், கீழே அவன். மூடிய கதவுக்கு அப்பால் திரையின் இடிமுழக்கம் எழும். அவன் காது தானே நிமிரும். மக்கள் சிரிக்கும் ஒலி எழும், முகம் சுளிப்பான். திடீரென ஓசை அடங்கும், மதகோ, மதகுதானோ என்று நெஞ்சு பதைக்கும், பாட்டொன்று புறப்படும், மதகு இன்னும் வரவில்லை என அமைதியுறுவான். நெஞ்சில் அத்தனை ஆண்டுகள் காத்துவைத்த ஒன்று, ஒரு சுவருக்கு அப்பால் வாழ்கின்றதா, சாகின்றதா என்று அறியவொண்ணாது நிற்றலினும் கொடிய வேதனை எப்புராணத்திலும் இல்லை. கண்டால் மன்றம் போகும். காணாவிடில் உறக்கம் போகும். சொன்ன சொல்லோ பள்ளத்தாக்கெங்கும் போய்விட்டது.

அவ்வேளை, அரங்கக் கதவைத் திறந்துகொண்டு, ஒரு கையில் பாப்கார்னும் மறு கையில் கணவனின் கைப்பேசியும் ஏந்தி வந்தாள் ஹேமாவதி. அவள் மன்றத்தில் உறுப்பினள் அல்லள். எச்சூளுரையும் அவளைக் கட்டாது. இடைவேளையில் இருக்கையை விட்டு எழுந்தவளும் அல்லள். மாலையின் மிச்சத்தைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

“என்ன, வெயில்ல காயுறீக?”

கொள்கையென்றும் துரோகமென்றும் கந்தகக்கோனின் தாய்க்கு என்ன வேலையென்றும் அவன் எடுத்துரைத்த நீண்ட முறையீட்டை, அவள் பாப்கார்ன் தின்றபடி பொறுமையாகக் கேட்டு முடித்தாள். பிறகு சொன்னாள்:

“தோட்டத்துக்கு வெல பேசப் போனா, நீங்க கொத்துல எந்தப் பழத்தத் தின்னு பாப்பீக?”

திராட்சைக் கொத்து காம்பின் பக்கமிருந்து கனிந்து கீழ்நோக்கி இறங்குவது. நுனிப்பழம் கடைசியில் கனிவது. மேற்பழத்தைச் சுவைத்து விலைசொல்பவன் தரகனல்லன், வழிப்போக்கன். நுனியை வாயிலிடாமல் ஈஸ்வரபாண்டி ஒருநாளும் எத்தோட்டத்தையும் நன்றென்றோ தீதென்றோ உரைத்ததில்லை. உரைத்த பிறரை மண்டியில் வைத்து நகையாடியும் இருக்கின்றான்.

“நுனியத் தின்னாம, மேப்பழத்த வச்சே தோட்டத்த வேண்டாங்கிறீக. இதக் கேட்டா மண்டியில சிரிக்க மாட்டாக? மதகு இனிமேத்தான் வருது. வாரீகளா, இல்ல, நான் பாத்துட்டு வந்து கதை சொல்லவா?”

மறுமொழிக்குக் காத்திராமல் அவள் கதவினுள் மறைந்தாள்.

பிறர் வாயால் மதகுக் கதை கேட்பதா! ஒருபுறம் தலைமை, மறுபுறம் தொழிலறம். கீதை சொல்லத் தேரோட்டி இல்லாத அருச்சுனனாய் அவன் ஒருகணம் தயங்கினான். பின்னர், மன்றத் தலைவனாக வெளியே இருத்தலினும் நுனிப்பழம் சுவைத்த தரகனாக உள்ளே இருத்தலே மேல் எனத் தெளிந்து, மேலாடையால் மீசையை மறைத்துக்கொண்டு, இலங்கையுள் இரவில் புகுந்த அனுமனினும் சிறிதாகக் குறுகி, இருளினுள் புகுந்தான்.

அவ்விருளில் அவன் படை முழுதும் அமர்ந்திருந்தது. தலைக்கவசம் தேடி வந்தவன் அதனை அணிந்தே அமர்ந்திருந்தான். ஒச்சாண்டி முன் இருக்கையின் பின்னே தலைகுனிந்து, தானே இல்லாததுபோல் இருந்தான். தலைவன் கடந்து செல்கையில் படை குனிந்தது. படையைக் கடந்து செல்கையில் தலைவனும் குனிந்தான். யாரும் யாரையும் கண்டாரில்லை. பாரதப் போரிலும் காணாத பெருந்தன்மை அது.

திரையில் மதகு வெடித்தது.

சிற்றிடையான் இறங்கினான். பேசப்போகின்றான் என்று ஈஸ்வரபாண்டி பல்லைக் கடித்தான், அவன் பேசவில்லை. பாட்டு வரப்போகின்றது என்று நகத்தைக் கடித்தான், பாட்டு வரவில்லை. மேளம் ஓய்ந்து, வயலின் ஓய்ந்து, நீரின் ஓசை மட்டும் அரங்கை நிறைத்தது. சித்திரக்கதையின் புயற்பருந்து பாறைபோல் நின்றவன். அவன் கால் ஒருநாளும் அசைந்ததில்லை. இவன் கால் நடுங்கிற்று. அத்துணை மெலிந்த கால். இதோ குற்றம், இதோ கடைசிக் குற்றம் என்று சொல்லெடுத்த ஈஸ்வரபாண்டி, அச்சொல்லை முடிக்க மறந்தான். நடுங்கிய கால் பெயரவில்லை. பாறை நிற்பதில் வியப்பில்லை. இப்பையன் ஏன் நிற்கின்றான்? வழுக்கினான், மீண்டும் முதுகைக் கொடுத்தான். தொலைவில் மேட்டின்மீது விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. கைப்பேசிகள் அணைந்தன. ஹேமாவதியின் பாப்கார்ன் மெல்லும் ஓசையும் நின்றது. ஆண்டுக்கணக்காகத் தாளில் மட்டும் ஓடிய தண்ணீர், ஈஸ்வரபாண்டியின் கண்ணில் வந்து நின்றது; குளிர்சாதனத்தை ஏன் இவ்வளவு கூட்டுகின்றார்கள் என்று அவன் யாரிடமோ முணுமுணுத்தான்.

காட்சி முடிந்தது. வாயிலில் வெயில். உள்ளே சென்றோர் அனைவரும் வெளியே வந்தனர். சூளுரையின்படி மன்றத்தில் ஒருவரும் எஞ்சவில்லை, தலைவனும் இல்லை, துணைத்தலைவனும் இல்லை. ஆயினும் அவ்வில்லாத மன்றம், திராட்சையிழந்த கட்-அவுட்டின் அடியில் கலையாது கூடி நின்றது. அடுத்த காட்சிக்குச் சீட்டெடுக்க வந்தோரும், எடுக்கலாமா வேண்டாமா என்று கைபிசைந்தோரும், உத்தமபாளையத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் கைப்பேசியில் அழைத்துக் காதோடு காத்திருந்தோரும், நுனிப்பழம் சுவைத்து வந்த நாவொன்றின் தீர்ப்புக்காக மூச்சடக்கினர். ஒச்சாண்டி நிலம் நோக்கினான். ஹேமாவதி வண்டியின் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தாள். கார்முகில் கிழித்தெழும் இடியேற்றை எதிர்நோக்கும் மலைத்தொடர்போல் பள்ளத்தாக்கே செவிசாய்க்க, மாவீரன் மீசையை இருபுறமும் நீவி, நெஞ்சை நிமிர்த்தி, வாய்மலர்ந்தான்.

செகண்ட் ஹாஃப் பரவால்ல என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.