கான் கங்காணியின் பீரங்கி

பிளாஸ்டிக் பீரங்கிக்கு மழை விடுமுறை கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அப்புத்தளையில் இருந்தார்.

தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவர். அதனால் கான் கங்காணி. பாரூக் நானாவின் துணிக்கடை மாடியில் ஞாயிறுதோறும் நாங்கள் மேசைமேல் பொம்மைப் போர் நடத்துவோம். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர் தளபதியாகிவிட்டார்.

விதிப்புத்தகத்தை நான்தான் வாசிப்பேன். “பீரங்கிக்குக் குழி வெட்ட ஒரு சுற்று போதும்.”

“ஒரு சுத்தா? எந்த மண்ணுல? ஆளுங்க காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு வந்தாங்களா?” ஜன்னலை எட்டிப் பார்ப்பார். “மழை பெய்யுது. இன்னைக்கு வெட்ட முடியாதுங்க.”

“இது பிளாஸ்டிக், கங்காணி!” நானா தலையில் அடித்துக்கொள்வார்.

“மழை மழைதானேங்க!”

குழிக்குள் இறங்கிய பீரங்கி சுடும்வரை எதிரிக்குத் தெரியாது என்று இன்னொரு விதி. அதை வாசித்ததும் கங்காணி பீரங்கியைத் தூக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “தெரியாதுன்னா தெரியக்கூடாதுங்க.” இடம் அவர் மனதுக்குள். ஏமாற்றுவார் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. ஆனால் அவரை ஒருமுறையாவது ஜெயிக்க நானா தவம் கிடந்தார்.

அந்த நாளும் வந்தது. மேசையில் ஒரு தேயிலை மேட்டைத் தாண்டினால் நானாவுக்கு வெற்றி. கங்காணியின் ஒரே பீரங்கி எங்கோ பதுங்கியிருந்தது. அது சுடும்போது பகடையில் ஆறு விழுந்தால் எதிரே நிற்கிற சிப்பாய்கள் அத்தனை பேரும் காலி. பாதி ஆட்டத்தில் நெஞ்சுவலி என்று பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவேயில்லை. பீரங்கி எங்கே என்று சொல்லாமலே போய்விட்டார், பாவி மனுஷன்.

மேசையைக் கலைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. போன ஞாயிறு மத்தியானம் மறுபடி உட்கார்ந்தோம். ஜன்னல் வழியே மூட்டம் நுழைந்து மேட்டை மூடியது. ஈரமண் வாசம் அடித்தது.

“நகத்துங்க நானா. சுடுறதுக்குத்தான் ஆளில்லயே,” என்றேன்.

“இல்லேன்னு யாரு சொன்னா?” என்றார். இருந்தாலும் ஆசை யாரை விட்டது? சிப்பாய்களை மேட்டில் ஏற்றினார்.

மேசையின் மறுகோடியில், கங்காணி உட்காரும் பக்கம், யாரும் தொடாமல் பகடை உருண்டது. குனிந்து பார்த்தோம். ஆறு.

காற்றாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நானா தன் சிப்பாய்களை ஒவ்வொன்றாக மேசையிலிருந்து எடுக்க ஆரம்பித்திருந்தார்.

“சரியான எடத்துலதான் வச்சிருக்கீங்க கங்காணி,” என்றார், காலி நாற்காலியைப் பார்த்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

தோற்றுப்போனதில் அந்த மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான்.