வீதிக்கு மேலே விளைந்த குணம்

சுவிட்சர்லாந்தின் துன் ஏரிக்கரையில் இருக்கும் ரேபிக்கோபன் கிராமசபை, தன் எல்லைக்குள் விளையும் வைனுக்கு இனிமேல் ஒரு குணம் போதாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அதுவரை அந்த மலைச்சரிவின் வைன் முழுவதும் ஒரே பெயரில், ஒரே விலையில் விற்கப்பட்டு, வாங்கியவர்களால் எந்த முறைப்பாடும் இன்றிக் குடிக்கப்பட்டு வந்தது. இது ஒரு நிர்வாகக் குறைபாடு என்பதைச் சபை கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுகொண்டது.

எல்லாம் நாகரிகம் செய்த வேலை. சூரிச்சில் நல்ல உணவகம் ஒன்றில் உட்கார்ந்து இப்போது யாரும் சும்மா வைன் கேட்பதில்லை. எந்தத் தோட்டம், தோட்டத்தில் எந்தத் துண்டு, அந்தத் துண்டு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒரே கொடியைச் சரிவான கல்லு நிலத்திலும் தட்டையான களி நிலத்திலும் நட்டால் பழம் இரண்டு விதமாகத்தான் வரும். பகல் வெயிலைக் கற்சுவர் பிடித்துவைத்துப் பொழுதுபட்ட பிறகு கொடிக்குக் கொடுக்கும். ஏரி தன் பங்குக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இவ்வளவும் உண்மை. ஆனால் உண்மை அலுவலகத்துக்குள் போனால் அதற்கு ஒரு தலைவர் தேவைப்படுகிறார்.

அமைவிடக் குணநல ஆணையத்தின் தலைவராக ஹெர் பிக்லர் நியமிக்கப்பட்டார். காணிப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வைன் அவ்வளவாகப் பிடிக்காது, எல்லைக்கோடுகள் பிடிக்கும். மண்ணை ஆராயச் செலவாகும் என்பதாலும், சரிவின் நடுவே ஒரு வீதி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்ததாலும், வீதிக்கு மேலே ஒரு குணம், கீழே ஒரு குணம் என்று ஆணையம் வகுத்தது. மேல்வீதி வைனுக்கு நேர்மை, நிதானம், நீண்ட ஞாபகம். கீழ்வீதி வைனுக்குக் கலகலப்பு, அவசரம், சமையலுக்கும் உகந்தது. ஆணைய உறுப்பினர்களில் பெரும்பாலானோரின் காணிகள் மேலே இருந்தது தற்செயல்.

சட்டப்படி ஆணையத்தில் ஓர் ஆசனம், குடிபெயர்ந்த பின்னணி கொண்ட ஒருவருக்கு ஒதுக்கப்பட வேண்டும். அந்த ஆசனம் குலேந்திரனுக்குப் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, துனில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவத் தொடங்கி, இன்று அதே ஹோட்டலின் வைன் அறைக்குப் பொறுப்பாக இருப்பவர். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த அவருடைய படத்தை மனைவி ஜெயமலர் ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தார். படத்தில் குலேந்திரன் பாதிதான் தெரிந்தார், மீதியைப் பிக்லரின் தோள் மறைத்திருந்தது.

முதல் கூட்டம் முடிந்து வந்த அன்று குலேந்திரன் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார்.

"விசர் பிடிச்ச சனம். றோட்டுக்கு அங்காலை நேர்மையாம், இஞ்சாலை அவசரமாம். ஒரே கொடி, ஒரே மழை. நாக்கிலை வைச்சா எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை."

"பிறகு என்ன சொன்னியள்?" என்று மகள் சாருஜா கேட்டாள்.

"பெரிய வித்தியாசம் தெரியுது எண்டு சொன்னன். மதிச்சுக் கூப்பிட்டிருக்கிறாங்கள் பிள்ளை."

சாருஜா வயிறு நோகச் சிரித்தாள். துனிலேயே பிறந்து, அங்கேயே பிசியோதெரபிஸ்டாக வேலை செய்பவள். அப்பா என்றால் அவளுக்கு உயிர். அந்த உயிரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கிடையில் வீதி நகர்ந்தது. சைக்கிள்காரருக்குப் பாதை விடுவதற்காகச் சபை வீதியைச் சரிவில் சற்று மேலே தள்ளிப் போட, ஃபிராவ் விட்மர் என்ற தோட்டக்காரியின் ஒரு வரிசைக் கொடிகள் மேலிருந்து கீழுக்கு வந்துவிட்டன. கொடிகள் நின்ற இடத்தில்தான் நின்றன. அவற்றின் நிலை என்ன என்று விட்மர் ஆணையத்திடம் கேட்டார். வருகிற மாதம் முதலாம் திகதியிலிருந்து அந்த வரிசை நேர்மையை இழந்து அவசரத்தைப் பெறும் என்றும், ஆட்சேபனை இருந்தால் முப்பது நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்றும் பதில் போனது. கொடிகள் மேன்முறையீடு செய்யவில்லை.

குலேந்திரன் இதையும் வீட்டில் நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும், இதுதான் நேரம் என்று சாருஜா நிருசனைப் பற்றிச் சொன்னாள்.

நிருசன் சூரிச்சுக்கு அருகே ஷ்லீரனில் பிறந்தவன், ரயில் சமிக்ஞைப் பொறியியலாளன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தான், கேட்டதற்குத் தமிழில் பதில் சொன்னான், நண்டுக்கறிக்கு இரண்டாம் தரமும் சோறு போடச் சொன்னான். குலேந்திரனுக்குப் பெடியனைப் பிடித்துவிட்டது.

"தம்பி எவடம்?"

"ஷ்லீரன், அங்கிள். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலை."

"அது தெரியும். அப்பா அம்மா ஊரிலை எவடம்?"

நிருசன் ஓர் ஊரின் பெயரைச் சொன்னான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை, காரணம் பிறகு வரும். குலேந்திரனுக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை, ஏனென்றால் அது அவருடைய சொந்த ஊர். எழுந்து போய் இன்னொரு நண்டை எடுத்து நிருசனின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். வைத்துக்கொண்டே, ஊருக்குள் எவடம் என்று கேட்டார்.

நிருசன் கொஞ்சம் யோசித்தான். "றோட்டுக்குக் கீழை எண்டு அப்பா சொல்லுறவர்."

ஜெயமலரின் அகப்பை அப்படியே நின்றது. அந்த ஊர் தோசைக்கல் போலத் தட்டையானது, கொட்டிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும். அப்படிப்பட்ட ஊரில் மேலும் கீழும் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நீங்கள் சாப்பிடுங்கோ," என்றார் குலேந்திரன். அதுவரை 'சாப்பிடும் தம்பி' என்றிருந்தவர். எங்கள் ஆட்களிடம் மரியாதை திடீரென்று கூடினால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்று பின்னேரமே விசாரணை நடந்தது. ரொறன்ரோவில் ஒரு மச்சாளுக்கும், லண்டனில் ஒரு சகலனுக்கும், அட்லிஸ்வில் முருகன் கோயிலில் தெரிந்த ஒருவருக்கும் அழைப்புப் போனது. பிக்லரின் ஆணையத்துக்கு ஒரு வருடம் எடுத்த வேலை, தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்தது. எந்த வீடு, எந்தக் கிணறு, எந்தக் கோயிலில் எதுவரைக்கும் உள்ளே போனவர்கள் என்று எல்லாம் வந்துவிட்டது. இந்த ஆணையத்துக்குத் தலைவர் இல்லை, அலுவலகம் இல்லை, மேன்முறையீடும் இல்லை.

"நல்ல பெடியன்தான். ஆனா சரிவராது," என்றார் குலேந்திரன்.

"ஏன் அப்பா?"

"பழக்கவழக்கம் வேறை."

"அவர் ஷ்லீரனிலை பிறந்தவர். நான் துனிலை. ரெண்டு பேருக்கும் பழக்கம் மிக்ரோ கடையும் கோப் கடையும்தான்."

"மண்ணின்ரை குணம் எண்டு ஒண்டு இருக்கு பிள்ளை. அது போகாது."

"ஆர் சொன்னது?"

ஹெர் பிக்லர் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, குலேந்திரன் நிறுத்திக்கொண்டார்.

சாருஜாவுக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அதுவும் அப்பாவை நினைத்து வந்த வெட்கம். நிருசனை விட அவளால் முடியாது. அப்பா வந்து நிற்காத ஒரு கல்யாணத்தையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே அந்த வீதி போய்க்கொண்டிருந்தது.

இலையுதிர் காலத்தில் ஆணையம் ஒரு பகிரங்கச் சுவைப்பு விழா நடத்தியது. நிருசனையும் கூட்டிக்கொண்டு சாருஜா போய்ப் பின்வரிசையில் இருந்தாள். ஃபிராவ் விட்மரின் இரண்டு போத்தல்கள் திறக்கப்பட்டன. மேல்வீதிக் கிண்ணத்தைப் பிக்லர் வாயில் வைத்துக் கண்ணை மூடினார், நீண்ட ஞாபகம் தெரிகிறது என்றார். கீழ்வீதியில் அவசரம் தூக்கலாக இருப்பதாகக் குறிப்பிட்டார். குலேந்திரனின் முறை வந்தது. மேல்வீதியைக் குடித்து, மகள் இருப்பதை மறந்து, இது நல்ல குடும்பத்து வைன் என்று ஜெர்மனில் சொன்னார். மண்டபம் கைதட்டியது.

அப்போது ஃபிராவ் விட்மர் எழுந்து, ஒரு சிறிய விளக்கம் தர விரும்புவதாகச் சொன்னார். போன வருடம் ஆலங்கட்டி மழை அவருடைய மேல்வீதிப் பழம் முழுவதையும் அழித்துவிட்டது. என்ன செய்வது என்று அவர் ஆணையத்தைக் கேட்டிருக்கிறார். இரண்டு பக்க வைனும் சமர்ப்பிப்பது கட்டாயம், விதிவிலக்குக் கிடையாது என்று பதில் வந்திருக்கிறது. ஆகவே கீழ்வீதிப் பழத்தில் செய்த ஒரே பீப்பாவிலிருந்து இரண்டு போத்தலையும் நிரப்பிச் சமர்ப்பித்திருப்பதாகவும், விதிமுறைகளை மதிப்பது தன் கடமை என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆணையம் பக்கத்து அறைக்குப் போய்க் கூடிப் பேசிவிட்டுத் திரும்பியது. பிக்லர் எழுந்து தீர்ப்பை வாசித்தார்.

"மேல்வீதி வைன் கிண்ணத்தில் இல்லாதபோதும் மேல்வீதியின் குணத்தை உறுப்பினர்கள் தெளிவாக உணர்ந்திருக்கிறார்கள். இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை."

ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. குலேந்திரனின் கையும் உயர்ந்தது. பின்வரிசையில் சாருஜாவைக் கண்டதும் பாதியில் நின்றது. பிறகு மிச்சத் தூரமும் போனது.

நிருசனை ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமாகக் கதைக்க நினைத்தவள், ஃபிராவ் விட்மரின் கொடிகளை நினைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். அதில் ஊரின் வரைபடம், வானத்திலிருந்து எடுத்தது. நிருசனுக்கு அதை நேற்றே அனுப்பியிருந்தாள்.

"அப்பா, இது ஊர். றோட்டைப் புதுசாப் போட்டிருக்கிறாங்கள், பாத்தியளோ?"

குலேந்திரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பழைய நேர் வீதியைக் காணவில்லை. புது வீதி கோயிலடியில் வளைந்து, நிருசனின் தகப்பனுடைய வீட்டு வளவுக்குக் கீழால் போனது.

"அப்ப அவை இப்ப மேலை," என்றார்.

"ஓம் அப்பா. மேலை."

அவர் முகம் சுமை இறங்கிய முகம் போல் இருந்தது. பெடியனை அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது, ஒரு காரணம்தான் தேவைப்பட்டது. அவர் சந்தோசத்தைப் பார்த்துச் சாருஜாவுக்கும் சந்தோசம் வந்தது. வென்ற விதத்தை நினைக்கக் கூச்சமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்த கையோடு ஷ்லீரனுக்கு அழைத்தார். நிருசனின் தகப்பன் நித்தியானந்தன் எடுத்தார். தங்களுக்குப் பூரண சம்மதம் என்று குலேந்திரன் பெருந்தன்மையோடு அறிவித்தார்.

"சந்தோசம் அண்ணை," என்றார் நித்தியானந்தன். "பெடியன் காட்டினவன், நாங்களும் அந்த ஊர் மப்பைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். றோட்டு எங்களைத் தாண்டி அங்காலை மேலை ஏறுதெல்லே. உங்கடை வளவு இப்ப கீழையோ?"

குலேந்திரன் மகளின் ஃபோனை வாங்கி, விரலால் வீதியைப் பிடித்துக்கொண்டு போனார். அது கோயிலைத் தாண்டி நிமிர்ந்து ஏறி, அவர் பிறந்த வீட்டுக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது.

"றோட்டிலை என்ன கிடக்கு தம்பி," என்றார் கடைசியில். "மனிசர்தானே முக்கியம்."

"இதைத்தானே அண்ணை நானும் என்ரை காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். ஆனா மனிசி ஒருக்கா யோசிக்கவேணும் எண்டுறா."

சாருஜா அப்பாவின் ஃபோனை வாங்கினாள். "மாமா, சித்திரையிலை துனிலை கல்யாண எழுத்து. திகதி எடுத்தாச்சு. யோசிச்சு முடிஞ்சா வாங்கோ, முடியாட்டிலும் வாங்கோ."

எல்லோரும் வந்தார்கள். குலேந்திரன் முன்வரிசையில் நின்று அழுதார். கல்யாண அட்டையில் இரு வீட்டாரையும் இன்ன ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர்கள் என்று மட்டும் போட்டு, எவடம் என்பதை இரண்டு தகப்பன்மாரும் ஒற்றுமையாக விட்டுவிட்டார்கள். அவர்கள் ஒற்றுமைப்பட்ட முதல் விஷயம் அது. அட்டை கிடைத்தவர்கள் எல்லோரும், ரொறன்ரோ மச்சாள் உட்பட, முதலில் கேட்டதும் அதைத்தான். விருந்தில் ஃபிராவ் விட்மர் லேபிள் ஒட்டாத போத்தல்களை வைத்தார். மேலையா கீழையா என்று தெரியும்வரை ஒருவரும் கிண்ணத்தைத் தொடவில்லை, பிக்லர் உட்பட.

ஊரின் பெயரை ஏன் எழுதவில்லை என்று சொல்வதாகச் சொன்னேன். எழுதுவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. எழுதினால், இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டு வாசித்த நீங்கள் அடுத்ததாக என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.